கதவு சாத்தியிருந்தால் தட்டாதீர்கள்

வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டு, நாற்பது வயதுக்கு மேல் தன் முதல் நாவலை எழுதிக்கொண்டிருக்கும் ஒருவரோடு ஒரே வீட்டில் வாழும் கணவர்களுக்கும் மனைவியருக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் மாமனார் மாமியாருக்கும்,



உங்கள் வீட்டில் ஒருவர் நாவல் எழுதுகிறார். அது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். லேப்டாப்பில் ‘மளிகைக் கணக்கு’ என்ற பெயரில் ஒரு கோப்பாக அது ஒளிந்திருக்கலாம். பிள்ளையின் போன வருட நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கலாம். இருபது வயதில் என்றால் நாலு பேரைக் கூட்டி வைத்துச் சொல்லியிருப்பார். நாற்பத்தைந்து வயதில், வீட்டுக் கடனுக்கும் பிள்ளையின் பிளஸ் டூவுக்கும் அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்கும் நடுவில், “நாவல் எழுதறேன்” என்று சொல்ல நாக்கு எழுவதில்லை. தனக்கு என்ன வேண்டும் என்றும் அவர் உங்களிடம் கேட்கமாட்டார். அதனால்தான் இந்த மடல் உங்கள் பெயருக்கு வருகிறது.

அவருடைய ஒரு நாளைக் கொஞ்சம் பக்கத்தில் வந்து பாருங்கள். காலை ஒன்பதரைக்குச் சாப்பாட்டு மேசையில் இட்லித் தட்டை ஒதுக்கிவிட்டு லேப்டாப்பைத் திறக்கிறார். மெடிக்கல் கோடிங்கோ, ஏதோ ஒரு கம்பெனியின் கணக்கோ, ஆன்லைன் டியூஷனோ, அவருடைய பிழைப்பு அதற்குள் இருக்கிறது. காதில் ஹெட்செட். சிலிண்டர்காரர் மணி அடித்தால் எழுந்து போவது அவர். கூரியருக்குக் கையெழுத்துப் போடுவது அவர். மோட்டாரை நிறுத்தச் சொல்லி மேல்வீட்டிலிருந்து குரல் வந்தால் ஓடுவதும் அவர். மழை தூற ஆரம்பித்ததும் மாடியில் காயும் வடகத்தை அள்ளி வருவதும் அவர்தான். “வீட்டுலதானே இருக்க” என்று நீங்கள் சொல்லிவிடுகிறீர்கள். மாமியார் சொன்னால் அதில் ஓர் “ஏம்மா” சேர்ந்துகொள்கிறது. எழுதுபவர் ஆணாக இருந்தால், “அப்பா சும்மாதானே உக்காந்திருக்காரு” என்று அதுவே சிறிது மாறி வருகிறது. ஆறரைக்கு வேலை முடிந்து, இரவுச் சமையல் முடிந்து, பாத்திரம் கழுவி, பத்தரைக்கு மேல் அதே மேசையில் அந்த ‘மளிகைக் கணக்கு’ திறக்கிறது. அப்போது தண்ணீர் குடிக்க எழுந்து வரும் நீங்கள், “இன்னும் தூங்கலையா, என்னத்த அப்படி அடிச்சிட்டிருக்க?” என்று கேட்கிறீர்கள். அன்றைய நாவல் அங்கே முடிந்துவிடுகிறது.

உங்கள் மீது குறை சொல்வதற்காக இவ்வளவும் எழுதப்படவில்லை. பெரும்பாலான வீடுகளில் இது அன்போடுதான் நடக்கிறது. ஆனாலும் ஒரு புத்தகம் எழுதப்படாமலே போய்விடுகிறது.

‘இந்த வயசுல எதுக்கு’ என்ற கேள்வி உங்கள் மனதில் இருந்தால், தமிழ் நாவலின் பிறப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழின் முதல் நாவல் என்று நாம் பள்ளிப் பாடத்தில் படித்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் அச்சேறியது. அதை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை பிறந்தது 1826இல். மாவட்ட முன்சீப்பாக ஊர் ஊராக வழக்குக் கேட்டு ஓய்ந்தவர், அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கியபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். தமிழ் நாவல் என்ற கணக்கே நடுவயது கடந்த ஒருவர் அச்சேற்றிய முதல் நாவலில்தான் தொடங்குகிறது.

அவரோடு அது நின்றுவிடவும் இல்லை. இடைசெவல் விவசாயி கி. ராஜநாராயணன் 1923இல் பிறந்தார். அவருடைய முதல் நாவலான ‘கோபல்ல கிராமம்’ வெளிவந்தது 1976இல். ஹெப்சிபா ஜேசுதாசன் ஆங்கிலப் பேராசிரியர். ‘புத்தம் வீடு’ 1964இல் வந்தபோது அவருக்கு நாற்பதை ஒட்டிய வயது. தோப்பில் முஹம்மது மீரான் மிளகாய் வற்றல் வியாபாரி. படித்தது மலையாள வழியில் என்பதால் தமிழில் எழுதுவதே அவருக்குப் பெரும்பாடு. அவருடைய ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ நூலானது 1988இல், நாற்பத்து நான்கு வயதை ஒட்டி. ஒன்பது ஆண்டுகள் கழித்து, ‘சாய்வு நாற்காலி’ நாவலுக்காக சாகித்ய அகாதெமி விருது வந்தது. கப்பல் தொழிலில் இருந்த ஜோ டி குருஸ் தன் முதல் நாவலான ‘ஆழி சூழ் உலகு’வை வெளியிட்டது 2004இல், நாற்பதைக் கடந்த பிறகு. இவர்களில் யாரும் எழுத்தை மட்டும் நம்பிச் சோறு உண்டவர்கள் இல்லை. நிலம், கல்லூரி, கடை, கப்பல் என்று எல்லோருக்கும் பகலில் வேறொரு வேலை இருந்தது.

அந்த வயதில் எழுதியதால்தான் அந்த நாவல்கள் அப்படி இருக்கின்றன என்றும் சொல்லலாம். ஒரு சாவு வீட்டில் யார் எங்கே உட்காருவார்கள், பாகப்பிரிவினையில் அண்ணன் எந்த இடத்தில் குரலை உயர்த்துவான், வேலை போன மனிதர் முதல் வாரத்தில் எத்தனை மணிக்குச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே கிளம்புவார் என்பதெல்லாம் இருபத்து மூன்று வயதில் கேள்விப்பட்ட செய்தி. நாற்பத்தைந்து வயதில் அது கண்ணால் பார்த்தது. உங்கள் வீட்டில் இருப்பவரிடம் இந்தச் சரக்கு நிறைய இருக்கிறது. அவரிடம் இல்லாதது நேரம் மட்டும்தான்.

நேரத்தைப் பற்றிப் பேச ஒரு கணக்கு இருக்கிறது. மத்திய அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, தங்கள் வீட்டு வேலையைச் செய்யும் பெண்கள் சம்பளமில்லாத அந்த வேலைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டார்கள். அப்படிச் செய்யும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடங்கள். 2024இல் மறுபடியும் எடுத்தார்கள். பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது, ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்தது. இடையில் ஒரு பெருந்தொற்று வந்து, எத்தனையோ வீடுகளின் கூடம் அலுவலகமாக மாறியது. கணவனும் மனைவியும் ஒரே மேசையின் இரு முனைகளில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும் இருவருக்கும் இடையிலான இடைவெளி குறைந்தது ஒரே ஒரு நிமிடம்.

2020இல் வீட்டிலிருந்து வேலை என்று அறிவித்தபோது பலருக்கும் முதலில் தோன்றியது, பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் போய்வரும் நேரம் மிச்சம் என்பதுதான். தாம்பரத்திலிருந்து சோழிங்கநல்லூருக்குப் போய்த் திரும்புகிறவருக்கு அது தினமும் ஒரு பெரிய துண்டு நேரம். அந்தத் துண்டு எங்கே போனது என்று யோசித்துப் பாருங்கள். அலுவலகம் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது. எட்டரைக்கே ஒரு போன் கால், இரவு ஏழுக்கு இன்னொரு கால். மீதியை நாம், வீட்டார், எடுத்துக்கொண்டோம். சூடான மதிய உணவாகவும், பள்ளியிலிருந்து பிள்ளையை அழைத்து வருவதாகவும், வங்கி வேலையாகவும் அது கரைந்தது. முன்பு ரயில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு கதாபாத்திரத்தைப் பற்றி யாருக்கும் பதில் சொல்லாமல் நினைத்துக்கொண்டு வர முடிந்தது. அதுவும் போய்விட்டது.

நாவலுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? ஒரு நாளைக்கு 300 சொற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரைப் பக்கம்கூட வராது. 200 நாளில் 60,000 சொற்கள். நடுத்தர அளவுள்ள நாவல் ஒன்றின் முதல் வரைவு அது. ஞாயிறையும் பண்டிகையையும் காய்ச்சலையும் கழித்தாலும் ஒரு வருடத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் அந்த 300 சொற்களுக்கு வேண்டிய ஒரு மணி நேரம் ஒட்டுமொத்தமாக வேண்டும். ஐந்தைந்து நிமிடமாகப் பன்னிரண்டு முறை கொடுத்தால் அது ஒரு மணி நேரம் ஆகாது. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவரை யாராவது நடுவில் கூப்பிடுவீர்களா? பதம் தப்பினால் மாவு மொத்தமும் வீண் என்று உங்கள் வீட்டுச் சின்னக் குழந்தைக்கும் தெரியும். எழுதுகிறவர் முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு திண்ணையில் உட்கார்ந்து ஒரு கிழவியின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். “ஒரே ஒரு நிமிஷம், ஈபி பில் கட்டியாச்சா?” என்று நீங்கள் கேட்டால், பில்லுக்குப் பதில் வந்துவிடும். கிழவி அன்றைக்குத் திரும்பி வரமாட்டாள்.

அலுவலக வேலைக்கு நீங்கள் இந்த மரியாதையைக் கொடுக்கத்தான் செய்கிறீர்கள். மேலாளரோடு கால் இருக்கிறது என்றால் டிவியின் சத்தத்தைக் குறைக்கிறீர்கள். பேரனை வெளியே கூட்டிப் போகிறீர்கள். குக்கர் விசில் அடிக்காமல்கூடப் பார்த்துக்கொள்கிறீர்கள். அந்த வேலைக்குச் சம்பளம் வருகிறது, கேள்வி கேட்க ஒரு மேலாளர் இருக்கிறார். நாவலுக்கு இரண்டும் இல்லை. இன்று எழுதாவிட்டால் யாரும் மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கமாட்டார்கள். அதனால்தான் வீட்டில் எந்த வேலை முளைத்தாலும் முதலில் தள்ளிப்போவது அது. அதற்காக நிற்க வேண்டியவர்கள் நீங்கள். வேறு யாரும் இல்லை.

பணத்தைப் பற்றியும் மறைக்காமல் பேசிவிடலாம். வழக்கமான ராயல்டி புத்தக விலையில் பத்து சதவீதம். 300 ரூபாய்ப் புத்தகம் 500 பிரதி விற்றால் 15,000 ரூபாய். முதல் நாவலுக்கு 500 பிரதி விற்பதே தமிழில் நல்ல விற்பனை. “இதுல என்ன வரும்?” என்று நீங்கள் கேட்டால் நேர்மையான பதில் இதுதான். அவருக்கும் இந்தக் கணக்கு தெரியும். தெரிந்தே எழுதுகிறார் என்றால், பணத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று அவருக்கு இருக்கிறது. அந்தக் கேள்வியை ஒருமுறை கேட்டாகிவிட்டது என்றால் போதும், வாரா வாரம் கேட்க வேண்டாம். புத்தகம் போட்டுத் தருகிறோம், இவ்வளவு பணம் கட்டுங்கள் என்று யாராவது சொன்னால், அப்போது பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். உங்கள் கணக்குப் புத்தி உதவ வேண்டிய இடம் அது.

இன்னொரு தடை இருக்கிறது. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ‘நம்மள பத்தி எழுதிடுவாளோ?’ என்ற பயம். சித்தப்பா வீட்டை விட்டுப் போனது, அக்காவின் முதல் கல்யாணம், சாதி பார்த்துத் திருப்பி அனுப்பிய விருந்தாளி, பாகத்தில் போன கிணறு என்று இவையெல்லாம் நாளைக்கு ஊரார் கையில் அச்சாகிக் கிடந்தால்? இந்தப் பயம் நியாயமானது. அதைச் சிறுமைப்படுத்தக் கூடாது. பாமா 1992இல் தன் முதல் நூலான ‘கருக்கு’வை வெளியிட்டபோது, அவருடைய சொந்த ஊர்க்காரர்களே கோபப்பட்டார்கள். பல மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. பிறகு, அந்தப் புத்தகம் எதைச் சொல்கிறது என்று புரிந்ததும் அதே ஊர் அவரை ஏற்றுக்கொண்டது. எழுதுகிறவருக்கும் இந்தப் பயம் உண்டு. உங்களைவிட அதிகமாகவே உண்டு. ஒவ்வொரு அத்தியாயத்திலும் உங்கள் முகத்தை நினைத்து ஒரு வரியை அடித்துவிடுகிறார். நல்ல நாவலாசிரியர்கள் வீட்டில் நடந்ததை அப்படியே நகலெடுப்பதில்லை. நாலு பேரை ஒருவராக்குவார்கள், ஊரை மாற்றுவார்கள், நடந்ததோடு நடக்காததைச் சேர்ப்பார்கள். முதல் வரைவு முடியும் முன்பே ‘அதை எழுதாதே’ என்று சொல்லிவிட்டால், அவர் அதை மட்டும் விடமாட்டார். மொத்தத்தையும் விட்டுவிடுவார். உங்களுக்குப் பேச வேண்டியிருந்தால் வரைவு முடிந்த பிறகு பேசுங்கள். அச்சுக்குப் போகும் முன் மாற்ற நிறைய காலம் இருக்கிறது.

எழுதுகிறவருக்குத் துணை நின்ற வீட்டார் உண்டு. துவரங்குறிச்சியில் பதிமூன்று வயதில் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்ட சல்மா, திருமணமான வீட்டில் யாருக்கும் தெரியாமல், இரவில் கழிவறைக்குள் நின்று எழுதினார். அந்தத் தாள்களை மறைத்து வெளியே கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவருடைய அம்மா.  மகளுக்கு இது வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 2004இல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ என்ற நாவல் தமிழுக்குக் கிடைத்ததில் அந்த அம்மாவின் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட முடியாது.

இங்கிலாந்தில் பெனலோப்பி ஃபிட்ஸ்ஜெரால்ட் பல வருடம் பள்ளிகளில் பாடம் நடத்திய பெண்மணி. கணவர் நோயில் கிடந்தபோது அவருக்குப் பொழுதுபோக ஒரு துப்பறியும் கதை எழுத ஆரம்பித்தார். கணவர் 1976இல் இறந்துபோனார். மறுவருடம் அதுவே அவருடைய முதல் நாவலாக வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது அறுபது. அடுத்த இரண்டாவது ஆண்டு, 1979இல், புக்கர் பரிசு வாங்கினார். கேட்பதற்கு வீட்டுக்குள் ஒரு காது இருந்தது, நாவல் தொடங்கியது.

நியூயார்க்கில் ஆடை வடிவமைப்புத் துறையில் வேலை பார்த்த டக்ளஸ் ஸ்டூவர்ட், வேலைக்கு நடுவே பத்து ஆண்டுகள் ஒரே நாவலை எழுதினார். முதலில் அது பல நூறு பக்கம் நீண்ட கட்டு. அதை முதன்முதலில் படித்தவர் அவருடைய கணவர். முப்பதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின.  2020இல் ‘ஷக்கி பெயின்’ புக்கர் பரிசு வாங்கியபோது அவருக்கு நாற்பத்து நான்கு வயது.

அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசனுக்கு இப்படி ஆள் இல்லை. இரண்டு சிறு பையன்களைத் தனியாக வளர்த்துக்கொண்டு, பதிப்பகத்தில் எடிட்டராக வேலை பார்த்தபடி, பிள்ளைகள் விழிக்கும் முன் விடியலில் எழுதினார். முதல் நாவல் 1970இல் வந்தது. அப்போது அவருக்கு முப்பத்தொன்பது. இதைப் படித்துவிட்டு, ‘பாரு, யார் உதவியும் இல்லாம எழுதலையா’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அவர் ஒருவர் எழுதி முடித்தார். அதே நிலையில் முடிக்காமல் போனவர்களின் பெயர் நமக்குத் தெரியாது.

உங்களிடம் கேட்பது பெரிய செலவுள்ள எதுவும் இல்லை. தனி அறை பல வீடுகளில் கிடையாது. இரண்டு அறை வாடகை வீட்டில் ஆறு பேர் இருக்கிறீர்கள் என்றால் கதவு என்று ஒன்று இருக்காது. அப்படியானால் ஒரு மூலையும் ஒரு மணி நேரமும் போதும். எந்த நேரம் என்பதை அவரே சொல்லட்டும். அந்த நேரத்தில் பால், காபி, காலிங் பெல், தாத்தாவின் மாத்திரை எல்லாம் உங்கள் பொறுப்பு. அவரைக் கேட்டுவிட்டுச் செய்யும் உதவி உதவி ஆகாது. டீத்தூள் எங்கே இருக்கிறது என்று கேட்க அவர் முன்னால் போய் நிற்க வேண்டாம், தேடிக் கண்டுபிடியுங்கள். விருந்தாளி வந்தால், “அவ வேலையா இருக்கா, ஒரு மணி நேரத்துல வருவா” என்று நீங்களே சொல்லுங்கள். என்ன வேலை என்று விளக்க வேண்டியதில்லை.

எத்தனை பக்கம் ஆச்சு, எப்ப முடியும் என்று கேட்காதீர்கள். அவர் தராமல் எடுத்துப் படிக்காதீர்கள். படிக்கத் தந்தால், ஒரு வாரத்துக்குள் படியுங்கள். வாரக்கணக்கில் ஃப்ரிட்ஜ் மேல் கிடக்கும் கையெழுத்துப் பிரதியைப் பார்த்தே பலர் எழுதுவதை நிறுத்தியிருப்பார்கள். இலக்கியம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். எந்த இடத்தில் தூக்கம் வந்தது, எந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டினீர்கள், யாரை நம்ப முடியவில்லை என்பதை மட்டும் சொல்லுங்கள். உறவினர் கல்யாணத்தில், “இவ இப்ப கதை எல்லாம் எழுதறா” என்று சிரிப்போடு அறிமுகப்படுத்தாதீர்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு வீட்டுக்கு வந்து எழுத உட்காருவது மிகக் கடினம். பதிப்பகத்திலிருந்து ‘இயலவில்லை’ என்று பதில் வரும் நாளில், ‘நான்தான் சொன்னேனே’ என்று சொல்லாமல் மறுநாளும் அதே ஒரு மணி நேரத்தைக் கொடுங்கள்.

பிள்ளைகளே, உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் தேர்வுக் காலங்களில் இந்த வீடு எத்தனை வருடம் டிவி போடாமல் இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். உங்களுக்காகக் காலை நாலு மணிக்கு எழுந்து பால் காய்ச்சிக் கொடுத்தவர் இப்போது ஒரு நாவலை எழுதப் பார்க்கிறார். அவருக்கும் அப்படி ஒரு வருடம் வேண்டும்.

இன்று இரவு சாப்பிட உட்காரும்போது அவரிடம் கேட்டுவிடுங்கள்: “உனக்கு எந்த நேரம் வேணும்?” அவர் முதலில், “அதெல்லாம் ஒண்ணும் வேணாம்” என்றுதான் சொல்வார். இன்னொரு முறை கேளுங்கள். அவர் சொல்லும் நேரத்தைச் சுவர்க் காலண்டரில் எழுதிவையுங்கள். நாளைக் காலையிலிருந்து ஒரு வருடத்துக்கு அந்த ஒரு மணி நேரத்தைக் காப்பாற்றிக் கொடுங்கள்.